புகைப் புத்தகம்

இல்-பிசார் தீவில் நான் வேலைக்குப் போன வீட்டின் குசினி யன்னலில் ஒரு சுருட்டுத் திரை இருந்தது. காலை ஏழு மணிக்கு அது மேலே போய்விடும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருமுனையில் நின்று பார்த்தாலே தெரியும். திரை மேலே இருந்தால் கிழவர் எழும்பிவிட்டார், சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். நானும் ஐஸில் வழுக்காமல் ஆறுதலாக நடந்து போவேன். இரண்டு குளிர்காலத்தில் அந்தத் திரை கீழே கிடந்ததை ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன்.

அந்த நாளைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம், பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். எத்தனை தரம் என்று கேட்டுவிட்டு, மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். அதோடு முடிகிற காரியமாக இருந்திருந்தால் நான் இப்போது பேனையைத் தூக்கியிருக்க மாட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நானும் கணவரும் தீவுக்கு வெளியே, ரொக்ஸ்பரோவில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். அவர் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. எனக்கு முதியவர்களின் வீடுகளுக்கு உதவிக்கு ஆள் அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எடுத்துத் தந்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வருடம் அனுபவம் கூடியவர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு இருக்கும், அதில் அன்றன்றைக்கு வரிசை நிரப்ப வேண்டும், அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் எடுத்து ஆள் எப்படி என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும் என்று எல்லாம் விளங்கப்படுத்திவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார். "ஓகே எண்டு சொல்லிற்று வைங்க. கூடக் கதைச்சா கூடக் கேப்பாங்க."

எனக்கு அந்தப் புத்தியை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மன்னாரில் நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் காலையிலும் மாலையிலும் ஆமிக்காரர் ஆட்களை எண்ணுவார்கள். பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். இல்லாத ஆளுக்கும் யாராவது "இருக்கினம்" என்று குரல் கொடுத்துவிடுவோம். விறகுக்குப் போனவர்கள், வைத்தியரிடம் போனவர்கள், போய்த் திரும்பாமலே விட்டவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இல்லை என்று சொன்னால் எங்கே, எப்போது, யாரோடு என்று கேள்வி தொடங்கும். பிறகு அந்தக் குடும்பத்துக்கு நிம்மதி கிடையாது. பக்கத்துக் கொட்டிலில் இருந்தவளுக்காக அவளுடைய அண்ணன் இருக்கிறார் என்று நான் ஐந்து மாதம் சொன்னேன். அது பொய்யாகவே எங்களுக்குப் படவில்லை. கொப்பியோடு வருகிறவனிடம் எல்லாம் சரி என்று சொல்லி அனுப்புவது அயலுக்குச் செய்கிற உபகாரம்.

கிழவருக்கு எண்பத்தாறு வயது. இயந்திரங்களுக்கு வரைபடம் கீறிய மனிதர். மனைவி இறந்து பத்து வருடம். ஒரே மகள் நாட்டின் மறுகரையில், வன்கூவரில். நான் அவரை சேர் என்பேன், அவர் என்னை மடாம் என்பார். இருவருக்கும் கோபம் மூக்கு நுனியில். முதல் கிழமையே நான் காய்ச்சிய கஞ்சி பசை மாதிரி இருக்கிறது என்று கோப்பையைத் தள்ளிவிட்டார். கஞ்சியைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம் என்று நானும் சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பிடித்துப்போனது. காலை எட்டு மணிக்கு முன்பு போவேன். கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, பத்து மணிக்கு வெளிக்கிட வேண்டும். வெளிக்கிட்டால் அடுத்த காலை வரை அந்த வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள். முன்வீட்டுத் தம்பதியினர் நத்தார் பண்டிகை முடிந்த கையோடு புளோரிடாவுக்குப் போய் ஏப்ரலில்தான் திரும்புவார்கள். சனவரி தொடங்கினால் அந்தத் தெருவில் விளக்கு எரிகிற வீடுகளை விரல்விட்டு எண்ணலாம்.

மகள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். நான் வேலைக்கு வர முன்னரே கிழவர் ஒருமுறை விழுந்து இடுப்பை உடைத்திருந்தார். இன்னொரு தரம் விழுந்தால் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவு. அவர் அதற்குச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டிருந்தார். எனக்கு அது முதல் நாளே தெரியும். கோப்பின் ஒவ்வொரு வரிசையிலும் விழுந்தாரா, இல்லையா என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. அந்தப் பெட்டி ஒன்றில்தான் அவருடைய வீடு நின்றது.

இனி இன்னோர் ஊரின் கதைக்கு வருகிறேன். நான் அங்கே கால் வைத்ததில்லை. மேற்கே, புல்வெளி மாகாணம் ஒன்றில், ஜேர்மனியிலிருந்து கப்பலில் வந்த ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து உண்டாக்கிய சிறு ஊர். கிழவர் பிறந்தது அங்கே. ஊர் தொடங்கிய ஆண்டுவிழாவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள் என்றும், முதல் குளிர்காலத்தின் குறிப்புப் புத்தகத்தை ஆங்கிலத்தில் தர வேண்டும் என்றும் அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அந்தப் பழைய ஜேர்மன் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களில் அவர்தான் மிச்சம். ஆனால் கை நடுங்கும், எழுத முடியாது. எனக்கு ஆங்கிலம் பேச்சில் தடுமாறுமே தவிர எழுத்தில் நன்றாக வரும். மன்னாரில் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவள். அதனால் சாப்பாடு முடிந்ததும் அவர் வாசித்துச் சொல்ல, நான் கொப்பியில் எழுதுவது என்று ஆனது. இது என் வேலையில் சேராது. அலுவலகத்துக்கு நான் சொல்லவும் இல்லை.

குறிப்புப் புத்தகம் கையளவுதான் இருந்தது. மாட்டுத்தோல் அட்டை, புளித்த மணம். அதை எழுதியவர் கிழவருடைய அப்பப்பா, தகப்பனின் தகப்பன்.

ஒன்பது குடும்பமும் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் கூப்பிட்டால் கேட்காத தூரம். கார்த்திகையிலேயே பனி கதவளவுக்கு வந்துவிட்டது. முதல் மாதத்தில் தனியாக இருந்த ஒருவர் விறகு தீர்ந்து கட்டிலிலேயே விறைத்துப்போனார். ஆறு நாளாக யாருக்கும் தெரியவில்லை. அவருடைய வீட்டுக்கு இன்னொரு குடும்பம் குடிவந்தது. அதன் பிறகு எல்லாரும் கூடி ஒரு வழக்கம் வைத்தார்கள். கிழவருடைய அப்பப்பாவின் வீடு சற்று மேட்டில் இருந்தது. எல்லா வீட்டுப் புகைபோக்கியும் அங்கிருந்து தெரியும். ஒன்பதாம் வீடு ஒரு சரிவுக்கு அப்பால் இருந்தபடியால் அது அவருக்கு மட்டும்தான் தெரியும்; பனி கூடினால் அந்த வீட்டார் செபத்துக்கும் வருவதில்லை. ஒவ்வொரு விடியலிலும் அவர் வெளியே வந்து, எந்தெந்த வீட்டில் புகை வருகிறது என்று பார்த்து எழுத வேண்டும். புகை வராவிட்டால் கம்பத்தில் தொங்கவிட்ட கலப்பைக் கொழுவை அடித்துச் சத்தம் எழுப்பிவிட்டு, அவரே முதலில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் புத்தகத்தை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள்.

எழுதுவதற்கு இதைப்போல அலுப்பான புத்தகம் கிடையாது. முதலாம் வீடு, புகை. இரண்டாம் வீடு, புகை. மூன்றாம் வீடு, புகை. ஒன்பது வரிகள், பிறகு அடுத்த நாள். இதை ஏன் முழுதாக எழுத வேண்டும், எல்லா வீட்டிலும் புகை என்று ஒரு வரி போட்டால் போதாதா என்று கேட்டேன். கிழவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தக் குளிரில் நின்று ஒருவர் ஒன்பது தரம் எழுதியிருக்கிறார், சூடாக்கிய வீட்டில் இருந்து நீங்கள் ஒன்பது தரம் எழுதினால் என்ன என்றார். நான் எழுதினேன். குசினித் திரையை ஏழு மணிக்கு உயர்த்தும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. தன்னுடைய புகை அது என்றார். நான் கதவைத் திறந்தவுடன், புகை தெரிந்ததா மடாம் என்று கேட்பார். தெரிந்தது சேர் என்பேன். அந்தப் பகிடி எங்கள் இருவருக்கும் மட்டும் சொந்தமாக இருந்தது.

இரண்டாம் குளிர்காலத்தின் தொடக்கத்தில் அவர் விழுந்தார். திரை மேலேதான் இருந்தது, ஆனால் நான் போகும்போது குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூக்கி இருத்தினேன். எலும்பு முறியவில்லை, ஆனால் முழங்கால் வீங்கிக் கறுத்திருந்தது. கஞ்சியைக் குடித்து முடித்தார். வரிசை நிரப்ப நான் கோப்பைத் திறந்தபோது என் கையைப் பிடித்தார்.

"எழுத வேண்டாம், மடாம். எழுதினால் நான் இந்த வீட்டில் சாக மாட்டேன்."

நான் யோசிக்கவே இல்லை. இல்லை என்ற பெட்டியில் சரி போட்டேன். அலுவலகத்துக்குப் போன் எடுத்து ஓகே என்றேன். பட்டியலில் உள்ள பெயரைக் கூப்பிட்டார்கள், இருக்கினம் என்று சொன்னேன். பஸ்ஸில் வரும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முழங்கால் வீக்கம் வற்றவே இல்லை. கட்டிலிலிருந்து எழும்ப அவருக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. அதையும் நான் எழுதவில்லை.

சனவரியில் ஊரிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. கோவில் மரணப் பதிவேட்டின் பிரதி ஒன்றை, உங்களுக்கு உதவக்கூடும் என்று அனுப்பியிருந்தார்கள். அந்தக் காலத்தில் போதகர் அந்தப் பக்கம் வசந்தத்தில்தான் வண்டியில் வருவாராம். முதல் வசந்தத்தில் அவர் வந்து செய்த முதல் வேலை ஓர் அடக்கம். ஒரே குழியில் ஆறு பேர். தாய், தகப்பன், நான்கு பிள்ளைகள். ஒன்பதாம் வீடு. பிள்ளைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லுகிற நோய் முதலில் வந்திருக்கிறது, பிறகு நெருப்பு மூட்ட ஆளில்லாமல் குளிர் வந்திருக்கிறது. சுவரில் இருந்த கலண்டரில் நாட்களைக் கோடு போட்டு வெட்டி வந்தவர்கள் மெழுகுதிரித் திருநாளோடு நிறுத்திவிட்டார்கள் என்று போதகர் எழுதியிருந்தார். அது மாசி, அதாவது பெப்ரவரி, இரண்டாம் தேதி. எங்கள் கோவிலிலும் அன்றைக்குத்தான் மெழுகுதிரி மந்திரிப்பார்கள்.

கிழவர் அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னிடம் பழைய கொப்பியை எடுக்கச் சொன்னார். நான் பக்கங்களைப் பிரட்டினேன். மாசி மூன்று, ஒன்பதாம் வீடு, புகை. மாசி நான்கு, புகை. பங்குனி முடியும் வரை ஒரு நாள்கூட விடாமல் புகை வந்திருந்தது. அடுப்பு மூட்ட யாரும் இல்லாத வீட்டில் எட்டுக் கிழமையாகப் புகை.

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. அப்பப்பா ஒரு நாள் மாறி எழுதியிருப்பார், பனியில் கண் தெரிந்திருக்காது என்று ஏதோ முணுமுணுத்தார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் எழுதிய கை என்னுடையது, அதற்கு ஞாபகம் இருந்தது. அந்த இடத்தில் எழுதும்போது வரி நீள்கிறதே என்று எனக்கு எரிச்சல் வந்தது நினைவில் இருந்தது. கொப்பியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். மற்ற எட்டு வீட்டுக்கும் ஒரே ஒரு சொல்தான். ஒன்பதாம் வீட்டுக்கு மட்டும், மாசி இரண்டுக்குப் பிறகு, அடர்ந்த புகை. விடிய முன்னமே புகை. நீலப் புகை, விறகு ஈரமாக இருக்க வேண்டும். மெல்லிய புகை, சிக்கனமான மனிதர்கள். அதற்கு மூன்று நாள் முன்பு, இன்னும் மெய்யாகவே புகை வந்த ஒரு நாளில், பிள்ளை ஒன்றுக்குத் தொண்டை நோவு என்று இருந்தது.

அப்பப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. போனால் நோயைக் கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டிவரும். அவருடைய வீட்டிலும் நான்கு பிள்ளைகள், கடைசிக்கு இரண்டு வயது. அந்தக் கடைசிப் பிள்ளைதான் எங்கள் கிழவரின் தகப்பன்.

ஒரு கிழமை புத்தகத்தைத் தொடவில்லை. திரை மட்டும் ஏழு மணிக்கு மேலே போனது. எட்டாம் நாள், கஞ்சி ஆறிக்கொண்டிருக்க, இதை விழாப் புத்தகத்தில் போடுவதா என்று என்னைக் கேட்டார். விட்டுவிடுங்கள் என்றேன். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, யாருக்கு என்ன பிரயோசனம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர் என்றேன். எங்கள் முகாமைப் பற்றியும், பக்கத்துக் கொட்டில்காரியின் அண்ணனைப் பற்றியும் சொன்னேன். எழுத்தில் இருப்பது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் நாங்கள் யாரும் மிஞ்சியிருக்க மாட்டோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் இல்லாதவனை இருக்கிறான் என்று சொன்னது அவன் வீட்டாரைக் காப்பாற்ற. இவர் சொன்னது தன்னைக் காப்பாற்ற," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "என்னையும்தான். அதனால் நான்தான் சொல்ல வேண்டும். எழுதுங்கள், மடாம்."

எழுதினேன். இரண்டு காலையில் ஆறு பக்கம் வந்தது. ஒன்பதாம் வீட்டு மனிதர்கள் ஆறு பேரின் வயதையும் சொல்லி, அப்பப்பா எழுதிய பொய் வரிகள் ஒவ்வொன்றையும் தேதியோடு சொல்லி, தான் அவருடைய பேரன் என்றும் சொன்னார். முடிவுரைக்கு என்று ஒரு பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னார். என்ன எழுதுவது என்று யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவ்வளவு தெளிவாக அவரை நான் கண்டதில்லை. எனக்கோ பயம் பிடித்துவிட்டது. ஏனென்று அப்போது தெரியவில்லை. வெளிக்கிடும்போது, குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் கிடந்த கோப்பைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

மாசி நடுப்பகுதியில் முதலில் ஐஸ் மழை பெய்தது. அதன் மேல் பனி கொட்டத் தொடங்கியது. காலையில் எங்கள் வாசற்கதவைத் திறக்கவே கணவர் தோளால் தள்ள வேண்டியிருந்தது. தீவுக்குப் போகிற பஸ் ஓடவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். நான் கிழவருக்குப் போன் எடுத்தேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார். போன் வீட்டின் உள்நடையில் ஒரு சிறு மேசையில் இருந்தது. கட்டிலிலிருந்து அவ்வளவு தூரம் வர வேண்டும். சுகம் என்றார், பாண் இருக்கிறது என்றார், திரையையும் தூக்கிவிட்டாராம்.

"வரவேண்டாம். ஆனால் வந்ததாகச் சொல்லுங்கள். வராவிட்டால் வேறு யாரையாவது அனுப்புவார்கள். அவள் என் முழங்காலைப் பார்ப்பாள்."

அலுவலகத்துக்கு எடுத்து ஓகே என்றேன். எடுத்த பெண் மெர்சி, நன்றி, என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் நூறு போன் எடுத்திருப்பாள்.

அடுத்த நாளும் பஸ் இல்லை. எட்டு மணிக்கு அவருக்கு எடுத்தேன். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. காதுக் கருவியைக் கழற்றிவைத்திருப்பார் என்று நினைத்தேன். எட்டரைக்கு எடுத்தேன். ஒன்பதுக்கு எடுத்தேன். குளியலறையில் இருப்பார், கால் மணித்தியாலம் எடுக்கிற மனிதர். ஒன்பதரைக்கும் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் இருபது தரம் அடிக்க விட்டேன். கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கந்தோருக்குச் சொல்லும். அவை பொலிசை அனுப்புவினம்," என்றார்.

"பொலிஸ் கதவை உடைச்சால் மகளுக்குச் சொல்லுவினம். மனிசன் சும்மா கட்டிலில படுத்திருந்தால்? வீடு போயிடும். பேந்து என்னை மன்னிக்கவே மாட்டார்."

"இருந்தாத்தானே மன்னிக்கிறதுக்கு," என்றார் அவர். எனக்கு அந்தச் சொல்லுக்கு அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். கிழவரின் வீட்டைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை. நேற்று நீ போனாயா என்று கேட்பார்கள். மூன்று மாதமாக அந்த முழங்காலை ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். பத்து மணிக்கு அலுவலகத்துக்கு எடுத்தேன். ஓகே என்றேன். அதோடு வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் எதுவும் கேட்காமலே, இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார், சிரித்துக் கதைத்தார், பனியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று சொன்னேன். என் பிரெஞ்சு அன்றைக்கு ஒரு பிழையும் இல்லாமல் வந்தது.

மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் போனேன். தெருமுனையில் இறங்கிப் பார்த்தேன். திரை கீழே கிடந்தது.

ஓடினேன். இரண்டு தரம் விழுந்தேன். வாசலில் இரண்டு நாள் பனி காலடி படாமல் கிடந்தது, அதைக் கையாலேயே தள்ளினேன். கதவுத் திறப்பு என்னிடம் இருந்தது, போட்டுத் திறந்தேன். அவர் உள்நடையில் கிடந்தார். இரவு உடுப்போடு, குப்புற, ஒரு கையை நீட்டியபடி. போன் மேசைக்கும் அவருடைய விரல்களுக்கும் இடையில் இரண்டு முழம் இருக்கும். காதுக் கருவி காதில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், தொட்டபோதே தெரிந்துவிட்டது.

போனை எடுக்காமல், திரையும் கீழே கிடந்தபடியால், அவர் இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு முன்பே விழுந்திருக்கிறார். அதை நான் மட்டும்தான் அறிவேன். எத்தனை மணிக்கு உயிர் போனது என்று எனக்குத் தெரியாது. எட்டு, எட்டரை, ஒன்பது, ஒன்பதரை. எத்தனை தரம் அடித்ததை அவர் கேட்டார் என்றும் தெரியாது. அதை நினைக்காமல் நான் ஒரு போனையும் எடுத்ததில்லை.

அம்புலன்சைக் கூப்பிட்டேன். பனியில் வர இருபது நிமிடம் எடுக்கும் என்றார்கள். அந்த இருபது நிமிடத்தில் நான் செய்தவை இரண்டு. குசினிக்குப் போய்த் திரையை மேலே உயர்த்தினேன். வெளிச்சத்துக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு கோப்பை எடுத்து மேசையில் வைத்து, அலுவலகத்துக்குச் சொன்னபடி இரண்டு நாள் வரிசையையும் நிரப்பினேன். முதல் நாளுக்கு வழமைபோல ஓகே. இரண்டாம் நாளுக்குக் கை தானாக எழுதியது. ஓர் அவித்த முட்டை, பாதிப் பாண், தேத்தண்ணி. நல்ல மனநிலை. பனியைப் பற்றிப் பகிடி விட்டார். வாசலில் கிடந்த பனியை யாரும் கவனிக்க மாட்டார்கள், அம்புலன்ஸ்காரர் மிதித்துத்தான் வருவார்கள் என்பதையும் அந்த நேரத்தில் நான் யோசித்து வைத்திருந்தேன். என்ன பிறவி நான் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

வந்தவர்கள், ஒரு நாள் இருக்கும் என்றார்கள். நேற்றுக் காலை நான் வரும்போது நன்றாகத்தானே இருந்தார் என்றேன். நீங்கள் போன கையோடு நடந்திருக்கும், உங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஒருவர் என் தோளைத் தட்டினார்.

மகள் வந்தாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், வீட்டை ஒழிக்க உதவிக்கு வர முடியுமா என்று கேட்டாள். போனேன். குசினி மேசையில் கோப்பும் என் கொப்பிகளும் இருந்தன. இரண்டையும் முழுக்க வாசித்திருந்தாள். ஒன்பதாம் வீட்டுப் பக்கங்களை வாசித்து அழுததாகச் சொன்னாள், அப்பா எழுதியபடியே அனுப்பப்போவதாகச் சொன்னாள். பிறகு கோப்பைத் திறந்து, கடைசி வரிசையில் விரலை வைத்தாள்.

"இதை நான் எத்தனை முறை வாசித்தேன் தெரியுமா," என்றாள். "அப்பா தனியாகச் செத்துவிட்டார் என்று விமானத்தில் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் புயலிலும் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவர் சாப்பிட்டிருக்கிறார். சிரித்திருக்கிறார். அது என்ன பகிடி?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த மேசையில், அவர் தன் அப்பப்பாவைப் பற்றி எழுதுங்கள் என்று சொன்ன அதே மேசையில் சொல்லியிருக்கலாம். அவளுடைய கண்ணைப் பார்த்தேன். அவளுக்காகத்தான் என்று நினைத்தேன். எனக்காகத்தான் என்றும் எனக்குத் தெரியும்.

யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, இவ்வளவு பனியில் இன்றைக்கு யாருடைய புகையும் தெரியாது மடாம், ஆனால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று எழுதிவையுங்கள் என்றார் என்று சொன்னேன்.

அவள் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். அப்பாவேதான், அப்படியே அப்பா கதைக்கிற மாதிரி என்றாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஊரிலிருந்து எனக்கு ஒரு பிரதி வந்தது. கனமான அட்டை, முன்பக்கத்தில் மண்கட்டி வீட்டின் படம். ஒன்பதாம் வீட்டுக் கதை ஒரு வரிகூடக் குறையாமல் இருந்தது. அடர்ந்த புகை, நீலப் புகை, சிக்கனமான மனிதர்கள் எல்லாம் பொய் என்று அச்சில் இருந்தது. கிழவர் முடிவுரைக்கு என்று வெறுமையாக விட்ட கடைசிப் பக்கத்தில் மகள் அவருடைய படத்தைப் போட்டிருந்தாள். படத்துக்குக் கீழே, கடைசிக் காலையில் அவரோடு இருந்த பெண்ணுக்கு நன்றி என்றும், அன்று அவர் அவளிடம் சொன்னது என்றும் போட்டு, புகையைப் பற்றிய அந்த வாக்கியம் சாய்ந்த எழுத்தில் இருந்தது.

அவர் அதைச் சொல்லவில்லை. அன்று காலை அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை.